ஒட்டிப் பார்த்த பாட்டில்

தம்பியின் ரத்தப் பரிசோதனைத் தாள் நேற்று வீட்டுக்குள் வந்ததிலிருந்து, இந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. அறுத்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். ஐந்து சுற்று முடிந்தது. நேற்று ஆறாவது சுற்றுக்குப் போனவனை, ஈரல் எண்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வீட்ல இவர் வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் சரி, நாளைக்கு மூணு மணிக்கு எடுத்துட்டு வாங்க. அதைப் பார்க்காம நான் அடுத்த டோஸ் போட மாட்டேன்" என்றார் டாக்டர் அம்மா.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்பதைத்தான் அவர் அப்படி மரியாதையாகச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷமாக லேபிள் அச்சடிக்கிற குடும்பம் எங்களுடையது. கீழே அச்சகம், மேலே வீடு. எங்கள் அச்சில் வந்த எழுத்து பொய் சொன்னதில்லை என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். அந்த வீட்டை ஒரு டாக்டர் சந்தேகப்பட்டதில் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

காலை எட்டு மணிக்கு மருமகள் கையில் ஓர் அட்டைத் தட்டுடன் கூடத்தில் வந்து நின்றாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை அவளுக்கு. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"மாமா, நான் எல்லார் அலமாரியையும் பார்க்கணும்."

"எல்லார்னா?"

"எல்லார்தான்."

"இது வீடா, சுங்கச் சாவடியா?"

"சின்ன மாமா வேற என்ன சாப்பிடுறார்னு கேட்டா, எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்க. ஒண்ணுமே இல்லாம ஈரல் எதுக்கு மாமா அடம்பிடிக்கணும்?"

"அந்த மருந்துனாலயும் ஏறும்னு டாக்டரே சொன்னாங்களே."

"ஏறலாம். அதுதான் காரணமா இருந்தா சரி. வேற ஏதாவது இருந்தா?"

சமையலறை வாசலில் என் மனைவி பால் டம்ளரில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே நின்றாள். தம்பிக்குக் காலையிலும் மாலை ஆறு மணிக்கும் அவள் கையால் ஒரு டம்ளர் பால் போக வேண்டும். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கொழுந்தன் என்று பெயர்தானே தவிர, வளர்த்த பிள்ளை.

"இந்தப் பாலையும் தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போறியா?" என்றாள் மருமகளிடம்.

"பாலுக்கு லேபிள் கிடையாது அத்தை. லேபிள் இருக்கறது போதும்."

மனைவி கரண்டியை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க ரூமையும் பார்க்கணும் மாமா."

"என் அறையில என் சட்டையும் அச்சகச் சாவியும்தான் இருக்கு. அதுல யாரும் கை வைக்க வேணாம்."

"பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"பூட்டத்தான் போறேன்" என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தாள். என் மகனைக் கட்டிக்கொண்டு வந்த ஆறு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு பார்வையை நான் அவளிடம் வாங்கியதில்லை.

தம்பி குடும்பம் அதே மாடியின் பின்பக்கம். நாங்கள் போனபோது அவன் ஜன்னலோர நாற்காலியில் கம்பளிக் கையுறையுடன் உட்கார்ந்திருந்தான். மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரலில் ஊசி குத்துகிறது அவனுக்கு. ஃப்ரிட்ஜ் கதவைக்கூடத் தொடுவதில்லை. அச்சு மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன், சட்டைப் பொத்தானுக்கு மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

"வா மருந்துக்கடை. இன்னைக்கு ரெய்டா?" என்றான்.

"நீங்களா குடுத்துட்டா ரெய்டு இல்ல சின்ன மாமா."

"என்கிட்ட என்ன இருக்கு. முடி இருந்துச்சு, அதுலயும் பாதி போயிடுச்சு."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அலமாரிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல்தான் கண். அவளுடைய அக்கா திங்கட்கிழமை தவறாமல் ஒரு பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வரும்போது கனமாக இருக்கும் பிளாஸ்க், போகும்போது காலியாக இருக்கும். நான் கேட்டேன்.

"அந்தப் பிளாஸ்க்ல என்னம்மா வருது?"

"காய்கறி சூப்பு அத்தான்."

"சூப்புன்னு யார் சொன்னது?"

"எங்க அக்கா சொன்னா. உங்க வீட்டு லேபிள் ஒட்டலைன்னா எல்லாமே சந்தேகமா?"

சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் என்னிடம் இப்படி யாரும் பேசுவதில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மருமகள் கீழ்த்தட்டில் இருந்த கையுறைப் பெட்டியைத் திறந்துவிட்டாள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

கையுறைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பாட்டில்.

அவள் தூக்கிப் பிடித்து வாசித்தாள். "செரிமானக் குளிகை. வயிற்று உப்புசத்துக்கு. சீரகம், ஓமம், சுக்கு."

"அவ்வளவுதானா?" என்றேன். எனக்கு மூச்சு வந்தது.

"வாயுத் தொல்லைம்மா" என்றான் தம்பி. என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துச் சொன்னான். "மருந்து ஏத்தின அன்னைக்கெல்லாம் வயிறு பாறாங்கல்லா கிடக்கு. அதான்."

"அப்புறம் எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"

"உனக்குப் பயந்துதான்."

நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். கண்ணாடி இல்லாமலே, தூரத்திலிருந்தே தெரிந்தது, லேபிள் எங்களுடையது. அந்தப் பச்சையை இந்த ஊரில் வேறு யாராலும் கொண்டுவர முடியாது.

"அது நம்ம அச்சு. அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்கும்" என்றேன்.

"லேபிள்தான் நம்மது மாமா. உள்ள இருக்கறது நம்மது இல்லையே."

இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். பாட்டில் அட்டைத் தட்டில் ஏறியது. அதன் பக்கத்தில் டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரை, வாய்ப்புண் களிம்பு, ஒரு டப்பாவில் கொஞ்சம் சூப்பு.

மூன்று மணிக்கு டாக்டர் அம்மாவின் அறையில் நாங்கள் மூவர். தம்பி, மருமகள், நான். அவர் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது உணவு. இதுல எனக்குத் தகராறு இல்ல" என்றார். மனதுக்குள் தம்பி மனைவியின் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பாதி மன்னிப்புதான். சூப்பு என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கலாமே.

பிறகு வெள்ளைப் பாட்டில்.

"சீரகம், ஓமம், சுக்கு" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "சாப்பாட்டுல போடுற அளவு வேற, குளிகையில அடைச்சு வர்றது வேற. எதுக்கும் நிறுத்திடுங்க. ஆனா இதுனாலதான் இவ்வளவு ஏறிச்சுன்னு எனக்குத் தோணல. அப்போ நாங்க ஏத்துற மருந்துமேலதான் சந்தேகம் போகுது. டோஸைக் குறைக்கணும். இல்ல, மாத்தணும்."

"குறைச்சா?" என்றாள் மருமகள்.

"குறைச்சா வேலையும் குறையலாம். வேற வழி இல்லைன்னா செஞ்சுதான் ஆகணும்."

பேனா தாளில் ஓடியது. பாட்டிலை அவர் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். கண்ணாடி போட்டிருந்தேன். மேஜை விளக்கின் வெளிச்சம் லேபிளின் கீழ் ஓரத்தில் விழுந்தது.

அங்கே ஒரு சின்னச் சிவப்பு டிக்.

அது என் பேனா. என் கை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புது லேபிள் அச்சானதும், அது பாட்டிலின் வளைவில் சரியாக உட்காருகிறதா, ஓரம் தூக்குகிறதா என்று நாங்கள் ஒட்டிப் பார்ப்போம். காலிப் பாட்டில் கைப்பிடியில் நசுங்கும். அதனால் நிரப்பிய பாட்டிலில்தான் ஒட்டிப் பார்ப்பது. செரிமானக் குளிகைக்காரர் பாட்டில் அனுப்பவில்லை, அளவு மட்டும் சொன்னார். அதே அளவில் வேறொரு கம்பெனியின் குளிகை நிரப்பிய மாதிரிப் பாட்டில்கள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றின் லேபிளை என் மனைவி உரித்துக் கொடுக்க, இந்தப் பச்சை லேபிளை ஒட்டினோம். வெயிலில் இரண்டு நாள் வைத்தோம். ஓரம் தூக்கவில்லை. நான் டிக் போட்டேன்.

டிக் போட்ட பாட்டில் அச்சகத்தைத் தாண்டாது. அப்பா வைத்த விதி அது. காரணமும் உண்டு. அந்தப் பாட்டிலின் வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும்.

சொல்லலாம். சொன்னால், எங்கள் அச்சகத்திலிருந்து பொய் லேபிளுடன் ஒரு பாட்டில் வெளியே வந்தது என்று ஆகும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்ததை என் தம்பி கேட்காமல் எடுத்தான் என்று ஆகும். அதை ஆறு வருஷம் முன்பு வந்த மருமகள் உட்கார்ந்து கேட்பாள். சொல்லாமலும் இருக்கலாம். குளிகையைத்தான் நிறுத்தச் சொல்லிவிட்டாரே. வீட்டுக்குப் போய்ப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டால் முடிந்தது.

டாக்டரின் பேனா அந்தத் தாளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் மருந்தை அது குறைத்துக்கொண்டிருந்தது. சீரகத்தையும் ஓமத்தையும் நம்பி.

"டாக்டர், எழுதறதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் நிமிர்ந்தார்.

"அந்த லேபிள் பொய். அச்சடிச்சது நாங்க. ஒட்டினதும் நாங்க. உள்ள இருக்கறது வேற."

மருமகள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். டிக்கைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். இந்தத் தடவை என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்றார் டாக்டர்.

"உரிச்சுப் போட்ட பழைய லேபிளும் எங்க அச்சுதான். மனப்பாடம்." சொல்ல ஆரம்பித்தேன். எதிர்ப்புச் சக்திக் குளிகை. ஒன்பது மூலிகைகளின் அடர் சாறு. நான்காவது பெயர் சொன்னதும் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பச்சைத் தேயிலை அடர் சாறா?"

"ஆமாங்க. நாலாவது வரி."

"கப்புல போட்டுக் குடிக்கிற தேயிலை இல்ல இது. அதைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி எடுத்தது. சில பேருக்கு ஈரலைப் பாதிச்சிருக்கு. மிச்ச எட்டுல என்னென்ன இருக்குன்னும் நான் பார்க்கணும். இதுதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இது தெரியாம டோஸைக் குறைச்சிருந்தா, நான் தப்பான ஆளைத் தண்டிச்சிருப்பேன்." தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன் சாப்பிட்டீங்க?"

தம்பி கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அந்த லேபிளை நான் நாப்பதாயிரம் ஓட்டினேன் டாக்டர். 'இழந்த வலுவை மீட்டுத் தரும்.' ஒவ்வொரு ரோலும் கண்ணு முன்னாடிதான் ஓடுது. நாப்பதாயிரம் தடவை ஒருத்தன் ஒரே விஷயத்தைச் சொன்னா, நீங்க நம்ப மாட்டீங்களா?"

"அதே லேபிள்ல கீழே ஒரு வரி இருந்திருக்குமே."

"இருக்கு" என்றேன். "வேறு சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும்."

"அது எறும்பு சைஸ் எழுத்துண்ணா" என்றான் தம்பி. "அதை யார் படிக்கிறாங்க."

அச்சடித்த நாங்களே படிக்கவில்லை என்பதை அந்த அறையில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரே மெஷின்ல ரெண்டு ஆர்டரை ஒண்ணா ஓட்டிட்டேன், இல்ல டாக்டர்?" என்று அவனே கேட்டான்.

"கிட்டத்தட்ட. நீங்க முழுங்குறதையும் நாங்க ஏத்துறதையும் அதே ஈரல்தான் பார்த்தாகணும்." அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒரு வாரம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். இறங்கிடுச்சுன்னா முழு டோஸ்லயே தொடரலாம். எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

"ஒன்பது நாள்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒன்பது நாள்தான். அஞ்சாவது ஊசிக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை எடுத்தேன். அன்னைக்குத்தான் அச்சகத்துல யாருமில்ல."

டாக்டர் கோப்பில் பின்னால் புரட்டினார். ஒரு தாளில் விரல் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் அதை மருமகள் பக்கம் திருப்பினார். மருமகள் படித்துவிட்டு அதையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். படித்த இருவரும் பேசாமல் இருந்தால் படிக்காதவனுக்குத்தான் உதறல் எடுக்கும்.

ஆட்டோவில் தம்பி கண்ணை மூடிக்கொண்ட பிறகு அவளிடம் கேட்டேன்.

"அந்தத் தாள்ல என்ன?"

"போன தடவை எடுத்த ரத்தம் மாமா. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி. அப்பவே லேசா ஏற ஆரம்பிச்சிருக்கு. மருந்துனாலயா இருக்கும்னு விட்டிருக்காங்க."

"அவன் சாப்பிட ஆரம்பிச்சதே ஒன்பது நாளாத்தானே."

"அதான்."

"பொய் சொல்றானா?"

"பிடிபட்டவர் எதுக்கு மாமா நாள் கணக்குல பொய் சொல்லணும்?" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க இன்னைக்குச் சொன்னது பெரிய விஷயம். நான் எதிர்பார்க்கல."

"பாராட்டெல்லாம் வேணாம்" என்றேன். ஆனால் அந்த வார்த்தை வீடு வரும்வரை காதில் இருந்தது.

ஐந்தரை மணி. தம்பியை அவன் வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு என் அறையைத் திறந்து அச்சகச் சாவியை எடுத்தேன். மறுபடி பூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். மருமகள் கேட்காமலே பின்னால் வந்தாள். நான் தடுக்கவில்லை.

மாதிரிப் பெட்டி மேல் அடுக்கில் இருந்தது. பன்னிரண்டு குழி போட்ட அட்டைப் பெட்டி. பன்னிரண்டிலும் ஒட்டிப் பார்த்தோம், பன்னிரண்டிலும் நான் டிக் போட்டேன். தம்பி எடுத்தது ஒன்று. பதினொன்று இருக்க வேண்டும்.

பத்துதான் இருந்தது.

மறுபடி விரலால் தொட்டு எண்ணினேன். பத்துதான். நடு வரிசையில் ஒரு குழி காலி. மூலையில் இன்னொரு குழி காலி. நடுவில் இருந்த குழியில் தூசி இல்லை. மூலையில் இருந்த குழியில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. ஒன்பது நாளுக்குப் படிகிற தூசி இல்லை அது. காகிதத் தூசியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியும்.

"அச்சகத்துக்கு எத்தனை சாவி மாமா?"

"ரெண்டு."

"ஒண்ணு சின்ன மாமாகிட்ட. இன்னொண்ணு?"

அவளுக்குத் தெரியும். காலையில் நானே சொன்னேன், அதட்டலாக, எல்லார் காதிலும் விழும்படி.

என் அறையை நான் பூட்டியது இன்று காலையில்தான். அதற்கு முன்னால் ஒருநாளும் பூட்டியதில்லை. அந்த அறையில் இருப்பது நான் ஒருவன் மட்டுமா?

மாடி ஏறினேன். படிகளே தெரியவில்லை. கூடத்துக் கடிகாரம் ஆறடிக்க ஐந்து நிமிஷம் காட்டியது. சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. பால் டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம். ஒரு மாதமாக, தம்பி இளைக்க ஆரம்பித்த நாளிலிருந்து, காலையும் மாலையும் கேட்கிற சத்தம். சர்க்கரை கரைய அவ்வளவு நேரம் ஆகாது என்று இத்தனை நாளில் ஒருமுறையாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்தேன். மருமகளிடம் நீட்டினேன்.

"என் அறையையும் பாரும்மா" என்றேன், சமையலறை வரைக்கும் கேட்கிற குரலில்.

கரண்டிச் சத்தம் நின்றது.